இடது கண் சோகமாகக் காணப்படுவது தொடர்பாக

மெடல் என்பது அவளுடைய பெயர் இல்லை. பெயர் சான்றிதழ்களில் இருந்தது. சான்றிதழ்கள் பீரோவின் மேல்தட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தன. பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முதுகலையில் முதலாவதாக வந்து தங்கப்பதக்கம் வாங்கிய நாளிலிருந்து வீட்டார் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். "மெடல், பால் பொங்குது பாரு" என்பாள் அம்மா. "மெடல், செருப்பை வாசல்லயே விட்டுட்டு வா" என்பாள் அத்தை. பாராட்டும் வேலை ஏவலும் ஒரே சொல்லில் முடிந்துவிடுவதில் குடும்பத்துக்கு எவ்வளவோ மூச்சு மிச்சம்.

பதக்கம் எதற்குக் கிடைத்தது என்பதில்தான் உறவினர்களுக்குத் தெளிவு போதவில்லை. வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நட்சத்திரம் விட்டுவிட்டு மங்குவதை அவள் இரண்டு வருஷம் அளந்திருந்தாள்.

"மங்குதுன்னா? அதுக்கு உடம்பு சரியில்லையா?" என்று அத்தை கேட்டாள்.

"கொஞ்சம் அப்படித்தான் அத்தை."

"நட்சத்திரத்துக்கு உடம்பு சரியில்லன்னா நீ ஏண்டி இளைச்சுப் போற?"

இந்தக் கேள்விக்கு அறிவியல் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

உண்மையில் அந்த இரண்டு வருஷத்தில் முதல் ஆறு மாதம் வீண். அளவு மாறிக்கொண்டே இருந்தபோதெல்லாம் அவள் கருவியைச் சந்தேகப்பட்டாள். கழற்றினாள், துடைத்தாள், மறுபடி மாட்டினாள். கருவியில் ஒரு பிழையும் இல்லை, மாறியது நட்சத்திரம்தான் என்று ஒப்புக்கொள்ள அவளுக்கு ஆறு மாதம் பிடித்தது. ஆய்வேட்டில் இதை அவள் எழுதவில்லை. எழுதியிருந்தால் பதக்கம் கிடைத்திருக்காது.

அப்பா ஓய்வூதிய அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் உழைத்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை நேரில் வந்து, தாங்கள் இன்னும் சாகவில்லை என்று நிரூபிக்கிற பிரிவு அவருடையது. ஆள் எதிரே நின்று தும்மினாலும், படிவம் இல்லாமல் அவர் உயிரோடிருப்பதாக அப்பா ஒப்புக்கொண்டது கிடையாது. மகளுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்கு அழைப்புக் கடிதம் வந்தபோது அதை மூன்று பிரதி எடுத்து, ஒன்றைக் கோப்பில் போட்டார், ஒன்றைத் தங்கைக்கு அனுப்பினார், ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காலை நடைக்குப் போனார். வழியில் யாராவது நேரம் கேட்டால்கூடக் கடிதம் வெளியே வந்துவிடும்.

அந்த வருஷமே அவருடைய இடது கண்ணுக்குப் பின்னால் ஒரு கட்டி வந்தது. உயிரா கண்ணா என்ற நிலை. டாக்டர்கள் கண்ணை எடுத்துவிட்டு உயிரைக் கொடுத்தார்கள். புண் ஆறியதும் மருத்துவமனையில் ஒரு தட்டை நீட்டினார்கள். அதில் சட்டைப் பொத்தான்கள் மாதிரி பன்னிரண்டு கண்கள் கிடந்தன. "இது கிட்டத்தட்ட சரியா இருக்கும்" என்று ஒன்றை எடுத்து வைத்தார்கள்.

கிட்டத்தட்ட என்ற சொல்லை அப்பா தன் அலுவலகத்தில் யாரையும் சொல்ல விட்டதில்லை. இப்போது அதையே முகத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்தக் கண் சற்று மேலே பார்த்தது, பரணில் எதையோ மறந்து வைத்துவிட்டது போல. கண்ணாடி முன்னால் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு கண்ணைக் கழற்றி, குண்டூசிகள் போட்டு வைத்திருந்த டப்பாவில் போட்டு மூடினார். மறுநாளிலிருந்து கறுப்புக் கண்ணாடி. வெளியில் மட்டுமல்ல, வீட்டுக்குள்ளும், சாப்பிடும்போதும், தொலைக்காட்சி பார்க்கும்போதும். காலை நடை நின்றது. சாப்பாட்டு மேஜையில் முப்பது வருஷமாக உட்கார்ந்த நாற்காலியை விட்டுவிட்டு, இடது பக்கம் சுவருக்குப் போகிற மாதிரி வேறு நாற்காலிக்கு மாறிக்கொண்டார். யார் பேசினாலும் தட்டைப் பார்த்தே பதில் சொன்னார். தூக்கமும் சரியில்லை என்று அம்மா சொன்னாள்.

மெடல் அந்தக் கண்ணை டப்பாவோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். மாற்றித் தரச் சொல்லலாம் என்றுதான் போனாள். ஒருவர் மாடிக்கு அனுப்பினார், மாடியிலிருந்தவர் கீழே அனுப்பினார், கடைசியில் பின்கட்டில், துணி துவைக்கிற இடத்துக்கு அடுத்த அறைக்கு வந்து சேர்ந்தாள். அது பல்செட் செய்கிற அறை. மூன்று சுவர் நிறையப் பல். நடுவில் நாற்பது வயதுப் பெண்மணி ஒருத்தி, ஒரு ஈறுக்குள் சிவப்பு இழைகளை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"ரத்த நாளம். சும்மா ரோஸ் கலர்ல விட்டா பல்லு பொம்மைப் பல்லு மாதிரி இருக்கும். தாத்தா சிரிச்சா பேரன் பயந்துடுவான்."

எல்லோரும் அவளைப் பல்லக்கா என்று கூப்பிட்டார்கள். பல்லும் கண்ணும் ஒரே பிளாஸ்டிக்கில்தான் செய்யப்படுகின்றன என்ற ஒரே காரணத்துக்காக மருத்துவமனை நிர்வாகம் கண்களையும் அவள் தலையில் கட்டியிருந்தது.

"பல்லு எனக்கு வரும்மா. கண்ணுதான் ஆகல. நான் செய்யச் செய்ய அது என்னையே பாக்குது. டீ குடிக்கக்கூட விடமாட்டேங்குது. அதான் மொத்தமா ஒரு பன்னெண்டு செஞ்சு தட்டுல போட்டுட்டேன்."

மெடல் டப்பாவைத் திறந்து அப்பாவின் கண்ணை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரே பழுப்பு. சுவருக்கு அடிக்கிற மாதிரி அடித்திருந்தது. பிறகு பல்லக்காவின் கண்ணைப் பார்த்தாள். கண்ணின் பாப்பாவைச் சுற்றித் தேன் நிறம், அதைச் சுற்றிக் காப்பித்தூள் நிறம், விளிம்பில் மழைக்கு முந்தைய வானத்தின் சாம்பல். கண்ணுக்கே தெரியாத நட்சத்திரத்தில் இரண்டு வருஷம் நிறம் பிரித்தவளுக்கு ஒரு முழ தூரத்தில் இருந்ததில் ஏழு நிறம் தெரிந்தது.

"என்னம்மா அப்படிப் பாக்குற? நீயும் கண்ணு மாதிரியே இருக்கியே!" என்று பல்லக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அழைப்புக் கடிதத்துக்கு மெடல் மரியாதையாக மறுப்பு எழுதினாள். செயற்கைக் கண் செய்வதற்கு முறையான படிப்பு இருந்தது. வேறு ஊரில் ஒரு வருஷம் தங்கி அதைப் படித்தாள். திரும்பி வந்து பல்லக்காவின் அறையில், சூரியன் நேரே விழாத ஜன்னலுக்கு அருகில், ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டாள். உயர்கல்வியின் நோக்கம் மனிதனை விண்வெளிக்கு உயர்த்துவது என்று பட்டமளிப்பு விழாவில் பேசியவருக்கு இந்த மேஜை துணி துவைக்கிற இடத்துக்கு அடுத்திருப்பது தெரிந்திருந்தால் வருந்தியிருப்பார்.

அப்பா வருந்தினார். கறுப்புக் கண்ணாடியைத் தட்டின் பக்கம் திருப்பி, அம்மாவிடம் சொன்னார்: "தங்கப்பதக்கம் வாங்கினது பொம்மைக்குக் கண்ணு வைக்கவா? அந்த மாதிரி ஒரு கண்ணு ஏற்கெனவே டப்பாவுல கெடக்கு. போதும்."

வெளியாரிடம் "கண் சம்பந்தமான ஆராய்ச்சி" என்று சொல்லி வைத்தார். அது அத்தையிடம் போனபோது "கண் டாக்டர்" ஆனது; அத்தையிடமிருந்து புறப்பட்டபோது "பெரிய கண் டாக்டர்" ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா நேரில் வந்து, கூடத்தில் உட்கார்ந்து, இமையை விரலால் விரித்துக் காட்டினார்.

"கொஞ்ச நாளா மங்கலா தெரியுதும்மா. நீயே பாத்துடு."

"சித்தப்பா, உங்களுக்கு நல்ல டாக்டரா பாக்கணும். கண்ணு முழுசா போனதுக்கு அப்புறம்தான் என்கிட்ட வரணும்."

சித்தப்பா கொண்டுவந்த பழங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனதாக ஒரு பேச்சு உண்டு. அம்மா அதை மறுக்கிறாள்.

ஆட்கள் வந்தார்கள். பட்டறையில் இரும்புத்தூள் தெறித்துக் கண் போனவர், சிறு வயதில் அம்மை வந்து போனவள், மாடு முட்டியவர். மெடல் ஒவ்வொருவரையும் ஜன்னலோரம் உட்கார வைத்து, நல்ல கண்ணைப் பார்த்துப் பார்த்துத் தீட்டினாள். பட்டு நூலைப் பிரித்து, பிரித்ததை மறுபடி பிரித்து, மூச்சு விட்டால் பறந்துவிடும் இழையாக்கி, வெள்ளையின் மேல் நரம்பாகப் படிய வைத்தாள். அதன்மேல் தெளிந்த பிளாஸ்டிக்கை ஊற்றிக் குக்கர் மாதிரி ஒரு பாத்திரத்தில் வேகவைத்தாள். விசில் வந்ததும் பல்லக்கா குரல் கொடுப்பாள்: "கண்ணு வெந்துடுச்சு, இறக்கு!" புதிதாக வந்தவர்கள் இதைக் கேட்டுக் கொஞ்சம் ஆடிப்போவார்கள்.

இப்படி எத்தனையோ பேர் அவளை ஒரு முழ தூரத்தில் நேருக்கு நேர் பார்த்தார்கள். வீட்டில் ஒருவர் மட்டும் பார்க்கவில்லை. அவர் தன் தொழிலைப் பாராட்ட வேண்டும் என்றெல்லாம் அவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு தடவை நிமிர்ந்து தன் முகத்தைப் பார்த்துப் பேசினால் போதும் என்றிருந்தது. இரண்டு வருஷம் அதுவும் நடக்கவில்லை.

நடத்தி வைத்தது ஒரு சுற்றறிக்கை.

அப்பா தன் உயிரை நிரூபிக்க வேண்டிய மாதம் வந்தது. முந்தைய வருஷங்களில் உடல்நிலை காரணம் காட்டி வீட்டிலிருந்தே சமாளித்துவிட்டார். இந்த வருஷம் நேரில்தான் போக வேண்டும். போனார். கவுன்ட்டரில் இருந்த இளம்பெண் புகைப்படக் கருவியைத் திருப்பினாள்.

"கண்ணாடியைக் கழட்டுங்க சார்."

"நான் இந்தப் பிரிவுலதான் முப்பத்தொரு வருஷம்..."

"தெரியும் சார். சர்க்குலர் ஒட்டியிருக்கு பாருங்க. தொப்பி, முகமூடி, கறுப்புக் கண்ணாடி அணிந்த எவரையும் உயிருடன் இருப்பதாகக் கருதலாகாது. கீழ உங்க கையெழுத்துதான் இருக்கு."

இருந்தது. அழகான கையெழுத்து. தன் சுற்றறிக்கையைத் தானே மீறுகிற ஆள் அப்பா இல்லை. அத்தனை பேர் முன்னால் கண்ணாடியைக் கழற்றுகிற ஆளும் இல்லை. கோப்பின்படி இறந்தவராக வீடு திரும்பினார்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு மேஜையில், மெடல் எதிரே உட்கார்ந்திருக்க, அம்மாவிடம் கேட்டார்: "அந்த இடத்தை எத்தனை மணிக்குத் திறப்பாங்கன்னு கேளு."

"எந்த இடத்தை?"

"அதான். கண்ணு செய்யற இடம்."

"இதோ குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்காளே, அவகிட்டயே கேளுங்களேன்."

அப்பா தட்டைப் பார்த்தார். "நீ கேட்டுச் சொல்லு."

அம்மா மகள் பக்கம் திரும்பி, தூதுவருக்குரிய கம்பீரத்தோடு கேட்டாள்: "எத்தனை மணிக்கும்மா திறப்பீங்க?"

"ஒம்பதுக்கும்மா."

"ஒம்பதாம்."

மறுநாள் ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே அப்பா வந்துவிட்டார். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தார்.

"எங்க பாக்கணும்?"

"என்னைப் பாருங்கப்பா."

பார்த்தார். வேலை நிமித்தம், வேறு வழியில்லாமல், படிவத்தைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். ஆனாலும் பார்த்தார். மெடலின் கையில் தூரிகை இரண்டு நிமிஷம் சும்மாவே இருந்தது.

மூன்று நாள் உட்கார்ந்தார். அவள் தன் பணியில் கறார். இருப்பதை இருப்பதுபோல வைக்க வேண்டும்; அழகுபடுத்தினால் பொய், பொய் முகத்தில் ஒட்டாது. அப்பாவின் வலது கண்ணின் வெள்ளை, பழைய கோப்புத் தாள் மாதிரி மஞ்சளோடியிருந்தது. சிவப்பு நரம்புகளை எண்ணினாள். பதினொன்று. பதினோரு இழை வைத்தாள்.

பல்லக்கா எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, இவ்வளவு சிவப்பா? ரெண்டு மூணு கம்மி பண்ணேன்."

"இருக்கிறதைத்தான் வைக்கணும் அக்கா."

"பல்லுன்னா நான் கம்மி பண்ணியிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் பல்லக்கா போய்விட்டாள்.

கண் வெந்து, ஆறி, மெருகேறி, அப்பாவின் முகத்துக்குப் போனது. அவர் கண்ணாடியில் பார்த்தார். எது கடவுள் கொடுத்தது, எது மகள் கொடுத்தது என்று சொல்ல முடியாதபடி இரண்டும் ஒன்றுபோலச் சிவந்து, ஒன்றுபோலச் சோர்ந்து அவரைப் பார்த்தன.

"ம்" என்றார். அலுவலகத்தில் அந்த ஓரெழுத்துக்கு "அனுமதிக்கப்பட்டது" என்று பொருள். எழுந்து, கறுப்புக் கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நேரே ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போய் அன்று பகல் பன்னிரண்டரை மணிக்கு உயிர்பெற்றார்.

அதன்பிறகு மெல்ல மெல்லச் சில நடவடிக்கைகள் எடுக்கப்பட்டன. பழைய நாற்காலி திரும்பக் கைப்பற்றப்பட்டது. காலை நடை மீண்டும் தொடங்கியது. கறுப்புக் கண்ணாடி அம்மாவிடம் போய், அம்மா வெயிலில் கடைக்குப் போகும்போது திரைப்பட நடிகை மாதிரி அதை மாட்டிக்கொண்டாள். அலுவலக வாசலில் படிவம் நிரப்பத் தெரியாமல் நிற்கிறவர்களுக்கு அப்பா தினமும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை எழுதிக் கொடுக்கலானார். சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் குறட்டை தெருமுனை வரை கேட்டது.

மேஜையில் மட்டும் இன்னும் மகளுக்கு வேண்டியது அம்மா வழியாகவே வந்தது. பழக்க தோஷம் என்று அம்மா சொன்னாள்.

ஐந்தாவது மாதம் அம்மா ஒருநாள் மகளைச் சமையலறைக்குள் இழுத்தாள். "ஏண்டி, உங்கப்பாவை இந்தப் பக்கம் இருந்து பாத்தா சிரிச்ச முகமா இருக்காரு. அந்தப் பக்கம் இருந்து பாத்தா எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்காரு. எந்தப் பக்கத்தை நம்பறது?"

மெடல் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். சாயம் கறுத்துவிட்டதா? வேகவைத்ததில் பிசகா? அப்பாவின் முகத்தில், போயும் போயும் அப்பாவின் முகத்தில், தன் கைவேலை கெட்டுப்போயிற்றா? "கிட்டத்தட்ட" ஆகிவிட்டதா? கழற்றிக் காட்டச் சொல்லி எப்படிக் கேட்பது என்று நான்கு நாள் யோசித்தாள்.

ஐந்தாம் நாள் பகல் பன்னிரண்டரை மணிக்கு, அப்பா பின்கட்டு அறைக்கு முன்னால் பெஞ்சில், ஏழாம் எண் டோக்கனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறு பேர் உள்ளே போய் வரும்வரை காத்திருந்தார். கூப்பிடாமல் வரவில்லை. பதிவேட்டை வைத்துக்கொண்டு பல்லக்கா கேட்டாள்.

"யாரு சொல்லி வந்தீங்க சார்?" கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யோ, வழக்கமா கேக்கற கேள்வி..."

"எழுதிக்கம்மா" என்றார் அப்பா, அறைக்கே கேட்கும் குரலில். "என் பொண்ணு இங்க கண்ணு செய்யறா. அவளைப் பாக்க வந்தேன்."

பெஞ்சில் இருந்தவர் தலையாட்டினார். "நல்லா செய்வாங்க."

"தெரியும்" என்றார் அப்பா. "ஒண்ணு வச்சிருக்கேன்."

பிறகு உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மடித்த தாளை மேஜையில் வைத்தார். மனு. மெடல் படித்தாள்.

பொருள்: இடது கண் சோகமாகக் காணப்படுவது தொடர்பாக.

அம்மையீர், மேற்படி கண் கடந்த ஐந்து மாதங்களாக என்னால் பயன்படுத்தப்பட்டு வருகிறது. நிறம், அளவு, அசைவு ஆகியவற்றில் குறை ஏதும் இல்லை. எனினும் அண்மைக் காலமாக மேற்படி கண் மட்டும் தூக்கமின்றியும் அழுததுபோன்றும் தோற்றமளிக்கிறது. இதனால் பக்கத்து வீட்டார் என் வலப்பக்கம் நின்று வணக்கமும் இடப்பக்கம் நின்று ஆறுதலும் கூறுகின்றனர். மேற்படி சோகத்துக்கு என் தரப்பில் தற்போது காரணம் ஏதும் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொண்டு, தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கீழே தேதி, கையெழுத்து. சுற்றறிக்கையில் இருந்த அதே அழகான கையெழுத்து.

அவள் அப்பாவின் இடது கண்ணைக் கழற்றிக் கழுவி உள்ளங்கையில் வைத்து ஜன்னலுக்குப் போனாள். செய்கிற ஒவ்வொரு கண்ணுக்கும் அதே சாயத்தில், அதே இழைகளோடு, மாதிரிக்கு ஒரு சின்ன வட்ட வில்லை செய்து பெட்டியில் வைத்திருப்பாள். அப்பாவின் வில்லையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இம்மியும் மாறவில்லை. அதே மஞ்சள். அதே பதினோரு இழை. தேய்த்துப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள், மறுபடி பெட்டியைத் திறந்து எண்ணைச் சரிபார்த்தாள்.

"என்னம்மா, கோளாறா?" என்றாள் பல்லக்கா.

மெடல் திரும்பி அப்பாவின் வலது கண்ணைப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. மஞ்சளைக் காணோம். சிவப்பு எங்கோ மூலையில் இரண்டு, மூன்று. தூங்கி எழுந்த கண். நடந்துவிட்டு வந்த கண். வாசலில் நாலு பேருக்குப் படிவம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த கண்.

கருவியில் ஒரு பிழையும் இல்லை. இந்தத் தடவை அதைப் புரிந்துகொள்ள அவளுக்கு ஆறு மாதம் ஆகவில்லை.

"கோளாறு என்னோடதுதான் அக்கா" என்றாள். "அப்பா தூங்காத நாள்ல அளவெடுத்துட்டேன். அவர் எப்பவும் அப்படியேதான் இருப்பாருன்னு நினைச்சுட்டேன்."

"அதான் ரெண்டு மூணு கம்மி பண்ணச் சொன்னேன்" என்றாள் பல்லக்கா, ஐந்து மாதம் காத்திருந்த திருப்தியோடு.

அப்பா வில்லையை வாங்கிப் பார்த்தார். கழற்றிய கண்ணையும் வாங்கினார். ஒரு வருஷத்து வருகைப் பதிவேட்டைப் புரட்டுகிற மாதிரி நிதானமாகப் பார்த்தார்.

"இப்படியா இருந்தேன் நான்?"

"ஆமாம்ப்பா."

"நீ இதைத்தான் மூணு நாள் உக்காந்து பாத்தியா?"

"ரெண்டு வருஷமா பாத்தேன்ப்பா. நீங்க தட்டைப் பாத்துட்டு இருந்தீங்க."

அப்பா கண்ணை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "இதைத் தூக்கிப் போட்டுடாத. கோப்புல இருக்கட்டும்."

அவள் புது வெள்ளையை எடுத்து வைத்தாள். பட்டு நூலைப் பிரித்தாள். நாற்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டாள்.

"என்னைப் பாருங்கப்பா."

"பாத்துக்கிட்டுதானே இருக்கேன்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இந்தத் தடவை படிவத்தைப் பார்க்கிற மாதிரி இல்லை. நெற்றியில் விழுந்த முடியை, மூக்கில் ஒட்டியிருந்த சாயத்தை, கண்ணுக்குக் கீழே விழத் தொடங்கியிருந்த கருவளையத்தை, ஒவ்வொன்றாக, விட்டுப்போன இரண்டு வருஷத்தையும் சேர்த்துப் பார்த்தார். மெடல் அவர் வலது கண்ணின் சிவப்பு நரம்புகளை எண்ணத் தொடங்கினாள். இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து, ஏழு... எண்ண எண்ணக் கூடிக்கொண்டே போயிற்று. விளிம்பில் நீர் கோத்துக்கொண்டு, வெள்ளை முழுவதும் கலங்கிச் சிவந்துகொண்டிருந்தது.

அவள் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"இன்னைக்கு வேண்டாம்ப்பா. கண்ணு சிவந்திருக்கு. இதைப் பாத்து வச்சா மறுபடி மனு கொடுப்பீங்க. நாளைக்கு வாங்க."

அப்பா கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, ஒருநாளைக்குப் பழைய கண்ணையே மாட்டிக்கொண்டு எழுந்தார். டோக்கனை மேஜையில் வைத்தார். வாசல்வரை போய் நின்று, திரும்பி, அம்மா இல்லாத அந்த அறையில் மகளையே கேட்டார்:

"எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"